பதினோராம் கணு

மூன்றாவது முறை போனபோது
முன் வரிசை வேண்டாமென்று
தூணோரம் உட்கார்ந்தேன்.
நாற்பது ரூபாய் நாற்காலி, ஒரு கால் குட்டை.
கிழித்துத் தந்த டிக்கெட்டையே மடித்து
அடியில் செருகினேன்.

கோத்தகிரியில் கடல் பொங்கும் நாடகம் அது.
பதினோரு படகு போகும், பத்து திரும்பும்.
மீன் விலை கேட்பதும் பாட்டு,
கடன்காரன் ஏசுவதும் பாட்டு,
இரண்டேகால் மணி நேரம்.

முதல் நாள் நான் கடலைத்தான் பார்த்தேன்.
அடுத்த முறை அது எட்டு நீலப் புடவை;
ஒன்றில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறை.
இன்று பக்கத்திலிருந்து பார்த்தால்
முந்தானை பிடித்திருந்த பையன் கொட்டாவி விடுகிறான்,
ஓர் அலை தாழ்ந்து
மறுபடி எழுகிறது.

புயலுக்கு வைத்திருந்த புகை மிஷின் பழுதாம்.
கதவைத் திறந்து போட்டிருந்தார்கள்,
நேரு பார்க் பக்கமிருந்து மேகம் தானே வருமென்று.
வந்தது.
புயல்வரை காத்திருக்கவில்லை,
கல்யாணக் காட்சியிலேயே வந்து நின்றது.
மாப்பிள்ளை மாலையைத் தடவித் தேடினான்.
அது கிடைக்கும்வரை போஜன்
ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை
இழுத்துக்கொண்டே இருந்தார்,
அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பதுபோல.

பிறகு ஜெசிந்தாவின் பெரிய பாட்டு.
பதினோராவது படகுக்காரன் அவள் ஆள்.
மேலே ஏறுமுன்
இடது குதிகாலைச் செருப்பிலிருந்து உருவிக்கொள்கிறாள்;
இதுவும் இன்றுதான் தெரிந்தது.
குதிகால் தெரிந்தது, முகம் தெரியவில்லை,
நடுவில் தூண்.
அதனால்தான் பின்னால் பார்த்தேன்.

பின்னால் அண்ணி.
நோட்டீசில் கடைசிப் பெயர், சங்கமித்திரை.
அவளுக்கு ஒரு வரி பாட்டில்லை.
கூடை இறக்குவாள், வலை மடிப்பாள்,
யாராவது அழுதால் தண்ணீர் கொண்டுவருவாள்.
இப்போது அவள் கரையைப் பார்த்து நின்று
கட்டைவிரலால் கணு எண்ணுகிறாள்.
சுண்டுவிரலில் மூன்று,
மோதிர விரலில் மூன்று,
நடுவிரல் முடிந்து
ஆள்காட்டியின் முதல் கணு, பத்து.
அடுத்த கணுவுக்கு மேல்
கட்டைவிரல் நிற்கிறது.
தொடவில்லை.
மறுபடி சுண்டுவிரலுக்குப் போகிறது.

அரங்கம் முழுக்க ஜெசிந்தாவைப் பார்த்து
மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
நாளெல்லாம் மாத்திரை எண்ணுகிற கை இது.
சும்மா ஆடும் விரல் எது,
எண்ணும் விரல் எது
என்று எனக்குத் தெரியும்.
அது எண்ணியது.

மேட்டுப்பாளையம் போகும் கடைசி பஸ்ஸில்
எனக்கு முன் இருக்கை அவள்.
காதோரம் அரிதாரம் போகவில்லை,
மப்ளருக்குள் பாதி முகம்.
கேட்டுவிட்டேன்.

‘அதுவா?’ என்று திரும்பினாள்.
‘காலி நாற்காலி எண்ணுறது.
வசூலைத்தானே நாங்க பங்கு போடுறோம்.
முன் வரிசையில இன்னிக்குப் பத்தா, பதினொண்ணா,
பனியில ஒண்ணும் சரியா தெரியல.
ஒண்ணுல பை இருந்த மாதிரி இருந்துச்சு.’

ஏழாம் எண் நாற்காலி, என் வழக்கமான இடம்.
பையில்லை, ஆளில்லை.
பதினொன்று என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
எட்டணா போல ஏதோ ஒன்று
உள்ளே விழுந்து உருண்டது.
இவ்வளவுதானா?

வளைவில் பஸ் சாய்ந்தது.
கம்பியைப் பிடித்தபோதுதான் ஞாபகம் வந்தது,
முதல் நாள் அரங்கம் நிறைந்து வழிந்தது.
ஜன்னலில்கூட ஆட்கள்.
கைக்குழந்தையோடு ஒருத்தி
இடமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.
அன்றைக்கு எதை எண்ணினீர்கள்?

கேட்க வாயெடுப்பதற்குள் அரவேணு.
‘வரட்டுமா, மருந்துக்கடை’ என்று
எழுந்து போய்விட்டாள்.
என்னை எப்படித் தெரியும் என்பது
குஞ்சப்பனை தாண்டித்தான் உறைத்தது;
என் நிறுத்தத்தையும் தாண்டியிருந்தேன்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம்.
வலது பக்கம் உட்கார வேண்டும்,
அங்கிருந்து அவள் கை நேராகத் தெரியும்.
அந்தப் பக்கமும் ஒரு தூண் இருக்கிறது.
பரவாயில்லை.